வலைக்கு ஒரு பங்கு

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் முடித்த பெண்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு அல்ஜீப்ரா, இன்னொரு கூட்டத்துக்குத் தையல். திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து வருகிறவள் எந்தக் கூட்டம் என்று யாரும் யோசித்ததே கிடையாது. கையில் ஊசியைக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு அல்ஜீப்ராதான் வேண்டும். தெரியாத ஒன்றுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து, துரத்திக்கொண்டே போய்க் கடைசியில் அதன் கழுத்தைப் பிடிக்கிற விளையாட்டு அது. அதை விட்டுவிட்டு, எவனோ போட்டுக்கொள்ளப்போகிற சட்டைக்கு நான் ஏன் காஜா எடுக்க வேண்டும்?

மார்க்கில் எனக்குக் குறைச்சல் இல்லை, வாய்தான் அதிகம் என்பார் தேவப்பிரியம் டீச்சர். அவர்தான் ஹெட்மிஸ்ட்ரஸ்; எங்களுக்குக் கணக்கும் அவர்தான்.

"புள்ளிக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்தார் ஒருநாள்.

"அப்போ அங்க வெள்ளையா கீதே, அது இன்னா டீச்சர்?" என்றேன்.

இணைகோடுகள் எவ்வளவு தூரம் போனாலும் சந்திக்காது என்றார். "கடைசி வரைக்கும் யாரு போயி பாத்தாங்கோ?" என்றேன். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்றார். "வகுத்தா போலீசு வந்துடுமா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிப்பு மூட்டக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ளக் கேட்டால் திமிர் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

வருஷக் கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செய்தி வந்தது. டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மங்கை, உனக்கு அடுத்த வருஷம் கணக்கு வகுப்பு வேணுமா?"

"வேணும் டீச்சர்."

"அப்போ இன்ஸ்பெக்டர் வகுப்புல இருக்கற வரைக்கும் நீ ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா தையல். புரிஞ்சுதா?"

"பதில் சொல்லலாமா?"

"இதுவே கேள்விதான்" என்றார்.

வீட்டில் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பவுனம்மாள் என்று அம்மா பெயரைச் சொன்னால் எர்ணாவூர் வரைக்கும் தெரியும், அவ்வளவு குரல். அந்தக் குரலில் சிரித்தாள்.

"நீயா? வாய மூடிக்கினு குந்தப்போறியா? பொறந்தப்பவே ஏன் பொறந்தேன்னு கேட்டுக்கினேதாண்டி வந்தே!"

"இப்போ இன்னா பண்றது, அதச் சொல்லு."

"கமர்கட்டு வாங்கி அடக்கிக்கோ. மேப்பல்லும் கீப்பல்லும் ஒட்டிக்கும்."

அப்படியே செய்தேன். கடைவாயில் கமர்கட்டோடு, கன்னம் ஒரு பக்கம் உப்பிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் ஜரிகைத் தலைப்பாகையோடு வந்தார். பின்னால் தேவப்பிரியம் டீச்சர். அவர் என் வாயைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். மீன்வாடை அடித்திருக்க வேண்டும். நாலாம் பாரத்துக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கைப் போட்டார்.

"ஒரு கட்டுமரத்தில் மூன்று பேர் போனார்கள். அறுபது வஞ்சிரம் கிடைத்தது. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? சிலேட்டில் எழுதுங்கள்."

அறுபது வஞ்சிரத்தை ஏற்றினால் மரம் முழுகிவிடும். போகட்டும் என்று எழுதினேன். அவர் ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இருபது, இருபது, இருபது. என்னிடம் வந்ததும் நின்றார்.

"பன்னிரண்டா? எப்படி வந்தது?"

பதில் சொல்லலாம், கேள்விதான் கூடாது. கமர்கட்டை ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

"ஆளுக்கு ஒண்ணுன்னு மூணு பங்கு சார். மரத்துக்கு ஒரு பங்கு. வலைக்கு ஒரு பங்கு. மொத்தம் அஞ்சு."

"மரம் மீன் சாப்பிடுமா?" என்றார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கோபப்படவில்லை. "கணக்கில் கொடுக்காததை நாமாகச் சேர்க்கக் கூடாதம்மா. மூன்று பேர், அறுபது மீன். அவ்வளவுதான் இருக்கிறது."

அவர் சொன்னது சரிதான். கணக்கில் வலை இல்லை. அங்கேதான் எனக்கு இடித்தது. பல்லைக் கடித்தேன். கமர்கட்டு நொறுங்கியது.

"வலையே இல்லாம அறுபது வஞ்சிரத்த எப்படி சார் புடிச்சாங்கோ?"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூண்டில் போட்டிருப்பார்கள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தூண்டிலு யாருது சார்?"

அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, வலை என்றே வைத்துக்கொள்வோம். மரம் ஒருவனுடையது. வலை இன்னொருவனுடையது. மூன்றாவது ஆளுக்கு இரண்டும் இல்லை. இப்போது சொல், யாருக்கு எவ்வளவு?"

"மரத்துக்காரருக்கு இருபத்தினாலு. வலைக்காரருக்கு இருபத்தினாலு. மூணாவது ஆளுக்குப் பன்னெண்டு."

"மூன்று பேரும் ஒரே மாதிரிதானே உழைத்தார்கள்? அவன் எப்படி இதற்குச் சம்மதிப்பான்?"

"சம்மதிச்சிக்கினுதான் சார் கீறாரு. அது எங்க நைனா."

இன்ஸ்பெக்டர் சிலேட்டை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். என்னைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

"தையல்" என்றார் தேவப்பிரியம் டீச்சர்.

மறுநாள் தீப்பெட்டிக் கம்பெனியில் காலைச் சங்கு ஊதும்போது அம்மா கூடையோடு பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. அவளை யார் தடுக்க முடியும்? ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசலில் கூடையை இறக்கினாள்.

"டீச்சரம்மா, எம் பொண்ணுக்குத் தையலாமே?"

"கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னேன். ரெண்டு கேட்டுட்டா" என்றார் டீச்சர். எண்ணியிருந்திருக்கிறார்.

"வாஸ்தவம். அவ வாயி நம்மளப் பேஜாரு பண்ற வாயிதான். வூட்ல நானே துடப்பத்த எடுத்துக்கினு ஓடுவேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்கோ. வல கிழிஞ்சா அவளே தெச்சுடுவா. ஊசியும் நூலும் அவளுக்கு எங்க குப்பமே கத்துக் குடுத்துடும். எங்களுக்குத் தெரியாதது ஒண்ணு கீது பாருங்கோ, அதுக்குத்தான் இங்க வுட்டேன். அதத்தான் நீங்க குடுக்க மாட்டேன்றீங்கோ."

"கணக்கு வகுப்புல வாய் அடங்கி உக்காரணும்."

"வாயி அடங்குச்சுன்னா அவ நைனா மாதிரி கெடச்ச பங்கோட நின்னுடுவா, அது எனக்கு வேணாம்" என்றாள் அம்மா. கூடையைத் தலையில் ஏற்றவில்லை. அங்கேயே குந்திவிட்டாள். கூடையில் காசிமேட்டு நெத்திலி. வெயில் ஏற ஏற அதன் மணமும் ஏறியது.

முதல் மணி அடிக்கும்வரை டீச்சர் பொறுத்துப் பார்த்தார். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் கணக்கு வகுப்புலயே உக்காரு. ஆனா இன்னிலேருந்தே ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. அதுக்கு மேல ஒண்ணு கேட்டாலும் உங்க அம்மா கூடையோட வந்தாலும் சரி, கப்பலோட வந்தாலும் சரி, தையல்தான்."

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு, டீச்சர் மனசு மாறுவதற்குள் வாசலைத் தாண்டினாள். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் ஒரு விஷயம் தெளிவாகாமல் எப்படிப் போவது?

"டீச்சர், சனி ஞாயிறு லீவு ஆச்சே. அந்த ரெண்டு கேள்வியையும் சேத்து திங்கக்கிழமை கேட்டுக்கலாமா?"

தேவப்பிரியம் டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்புதான் என்று சத்தியம் பண்ணுவேன்.

"கூடாது" என்றார். "இன்னிக்குக் கேள்வி முடிஞ்சுது. போய் உக்காரு."