வந்தது, செய்தது, போனது

என் கணவர் சுகுமாறன் எதையும் ஒழுங்காக வைக்கத் தெரியாதவர் என்று பெக்கோக்கில் நாலைந்து வீடுகளில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேச வைத்தவள் நான். அவர் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஸ்கூடாயில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் பேனர், மரண அறிவிப்பு எல்லாம் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவோம். இரண்டு மேசை, இரண்டு கணினி. அவர் மெதுவாகச் செய்வார், நான் வேகமாக. அவசரம் என்று வருகிறவர்களை என் மேசைக்குத்தான் அனுப்புவார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

கோப்புகளை வைப்பதில்தான் எங்களுக்குள் சண்டை. நான் செய்ததெல்லாம் திரையின் முகப்பிலேயே இறைந்து கிடக்கும். முதலில் 'ஃபைனல்' என்று ஒன்று இருக்கும். வாடிக்கையாளர் திருத்தம் சொன்னால் 'ஃபைனல் பெத்துல்', நிஜமான ஃபைனல். அதற்கும் திருத்தம் வந்தால் 'ஃபைனல் பெத்துல் 2'.

"பெத்துலுக்கு மேல என்ன வாசு இருக்கு? அடுத்தது என்ன, 'ஃபைனல் சம்பாய் மாத்தி'யா?" என்று என்னைக் கேலி செய்வார். அதாவது, சாகும்வரை ஃபைனல்.

"நீங்க ஒரு ஃபைலுக்குப் பேர் வைக்கிற நேரத்துல நான் ரெண்டு கார்டு முடிச்சிருவேன்லா" என்று நானும் விடமாட்டேன்.

அவர் வழி வேறு. வருடம், அதற்குள் மாதம், அதற்குள் ஆள் பெயர். ஒவ்வொரு பெயருக்குள்ளும் மூன்று ஃபோல்டர்கள். ஆட்கள் கொண்டுவந்து கொடுத்தது 'வந்தது', அதில் யாரும் கைவைக்கக் கூடாது. வேலை நடப்பது 'செய்தது', ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புது எண். அச்சுக்குப் போனது 'போனது'. "பழசைத் திறந்தியா, மொதல்ல வேற பேர்ல சேவ் பண்ணு. அப்புறம் கை வை." இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ. நான் அந்த ஃபோல்டர்களுக்குள் போனதே இல்லை. கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியல் எப்போதும் கண்முன் இருக்கும். எனக்கு அது போதும்.

ஒரு வியாழக்கிழமை பத்து பகாட்டில் பேனர் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், ஆயர் ஈத்தாமில் காடிக்குப் பெட்ரோல் எண்ணெய் போட இறங்கிய இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து சொந்தக்காரர்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அறிவிப்பு ஏன் இன்னும் வரவில்லை, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? கடையைத் திறந்து அவர் மேசையில் உட்கார்ந்தேன். பட்டியலில் ஒரு மரண அறிவிப்பு கண்ணில் பட்டது. பெக்கோக் செல்லப்பன், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர், மூன்று வாரத்துக்கு முன் இறந்தவர். அதைத் திறந்தேன். அவர் முகத்தை எடுத்துவிட்டு என் கணவர் முகத்தை வைத்தேன். பெயர், வயது, நேரம் மாற்றினேன். சேவ் பண்ணி அனுப்பிவிட்டேன். பத்து நிமிடம். எவ்வளவு சீக்கிரம் முடித்தேன் என்று அப்போதும் மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பத்தரை மாதம் கழித்து வெள்ளையம்மா அக்கா வந்தார், செல்லப்பனின் மனைவி. பஸ் மாறி மாறி வந்திருந்தார்.

"படம் வேணும்மா. ரெண்டு வாரத்துல தலைத்திவசம். மாட்டி வச்சிருந்ததை வெள்ளம் கொண்டுபோயிருச்சு, போனும் போச்சு. ஐசியில, அடையாள அட்டையில இருக்கிற படம்தான் மிச்சம். அதுல போலீசு புடிச்சிட்டுப் போற ஆளு மாதிரி இருக்காரு. அதுக்கா மாலை போடுறது?"

சிரித்துக்கொண்டே செல்லப்பன் என்று தட்டித் தேடி, முதலில் வந்ததைத் திறந்தேன். திரையில் என் கணவர் இருந்தார்.

அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றதால் திரை அவருக்குத் தெரியவில்லை. அவர் கணவர் முகத்தை நான்தான் அழித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவரு எங்க வச்சாருன்னே தெரியலக்கா. எதையும் ஒழுங்கா வைக்க மாட்டாரு. எல்லாம் கலைஞ்சு கெடக்கு."

வெள்ளையம்மா அக்கா என் கையைத் தட்டினார். "ஆம்பளைங்களே அப்படித்தான். நீ பாவம், தனியா என்ன பண்ணுவே." வாசலில் குடையை விரித்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து ஆயர் ஈத்தாமிலிருந்து வேலு அண்ணன் அழைத்தார். மண்பாண்டக் கடைக்காரர். மூன்று வருடத்துக்கு முன் செய்த லேபிள் மறுபடி வேண்டுமாம்.

"அதெல்லாம் கிடைக்காதுண்ணே" என்றேன்.

"அலமாக், என்னம்மா இப்படிச் சொல்றே? ஜூன் மாசம் செஞ்சது. நான் இல்லாட்டியும் என் பெண்டாட்டி கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தருவான்னு மாறன் சொன்னானே!"

போனைக் காதில் வைத்தபடியே தேடினேன். வருடம், ஜூன், வேலு, போனது. லேபிள் இருந்தது. அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்லி வைத்தேன் என்று நினைவில்லை.

அதே வழியில் செல்லப்பனைத் தேடினேன். 'வந்தது' என்பதில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டப் படம், நடுவில் அவர் சிரிக்கிறார், தோளில் யாரோ ஒருவருடைய கை. 'செய்தது' என்பதில் மூன்று கோப்புகள். மூன்றாவதில் என் கணவர். இரண்டாவதைத் திறந்தேன். தோளிலிருந்த கையை நீக்கி, துடைத்து, வெளிச்சம் கூட்டி, சட்டைக் காலர்வரை சரிசெய்த செல்லப்பன் சிரித்தார். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தோளில் உள்ள கையை எடுக்கச் சொன்னார்கள். கை மைத்துனருடையது. பேச்சுவார்த்தை இல்லை.'

'போனது' என்பதிலும் அச்சுக்குப் போன செல்லப்பன் இருந்தார். எதுவுமே தொலைந்திருக்கவில்லை. அன்றைக்கு இன்னும் ஒரு முறை சொடுக்கியிருந்தால் போதும். அதைச் செய்வதற்கு முன்னால் நான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, பெக்கோக்குக்குக் காடி ஓட்டிப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். வெள்ளையம்மா அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுதான் அன்னம். புருசன் கண்ட எடத்துல போட்டுட்டுப் போயிட்டாரு. இது உக்காந்து தேடி எடுத்திருக்கு பாரு."

"புள்ளை நல்லாருக்கணும்" என்றார் அன்னபாக்கியம்.

பாலில்லாத தே ஓ கொடுத்தார்கள். குடித்தேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. காடியில் ஏறிவிட்டேன். வெள்ளையம்மா அக்கா ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். அதை வாங்க என்னால் முடியவில்லை.

"அக்கா, அவரு ஒழுங்காத்தான் வச்சிருந்தாரு. அவரு காரியத்துக்கு அறிவிப்பு செய்யுறப்போ நான்தான் உங்க வீட்டுக்காரரை அழிச்சிட்டு அவரை வச்சேன். அன்னிக்கு அதைச் சொல்லாம அவரு மேல போட்டுட்டேன்."

பை ஜன்னலிலேயே நின்றது.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"பயந்துட்டேன்க்கா."

"செத்தவரு வந்து இல்லேன்னு சொல்லமாட்டாருன்னா?"

"ஆமாக்கா" என்றேன். அதுதான் உண்மை.

அவர் தெருவைப் பார்த்தார். "நான் நாலு வீட்டுல சொல்லிட்டேனே. கோயில்ல வேற சொன்னேன். இப்ப நான் போய் மாத்திச் சொன்னா, உன் மேல எரக்கப்பட்டுச் சொல்றேம்பாங்க. அவங்க எல்லாம் திவசத்துக்கு வருவாங்க. நீ வா. வந்து நீயே சொல்லு." பையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

போனேன். இருபது பேர் இருந்தார்கள். படையல் முடிந்து இலை போடுவதற்கு முன் அக்கா என்னைப் பார்த்தார். எழுந்து நின்று சொன்னேன். எதையும் விடவில்லை. 'வந்தது', 'செய்தது', 'போனது' என்று அந்த மூன்றையும் சொல்லி, அவர் எப்படி வைத்திருந்தார் என்பதையும் சொன்னேன். அன்னபாக்கியம் என்னைப் பார்க்காமல் தம்ளர்களை அடுக்கினார்.

செல்லப்பனோடு லாரி ஓட்டிய ஒருவர்தான் கேட்டார். "அப்போ எங்க செல்லப்பன் பேருல இருக்கிற அந்த ஃபைல்ல இப்போ யாரும்மா இருக்கா?"

"என் வீட்டுக்காரருண்ணே. இன்னும் மாத்தல."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்" என்றார் வெள்ளையம்மா அக்கா. "எங்க வீட்டுக்காரருக்கும் பேச ஆளு வேணும். ஆனா பேரை மட்டும் ஒழுங்கா எழுதி வை. உம், எலையப் போடுங்க."

என் இலையில் அவரே சோறு வைத்தார். எதிரே சுவரில் செல்லப்பன், தோளில் கை இல்லாமல், சிரித்துக்கொண்டிருந்தார்.