உடைகிற வரி

என் தம்பியின் பாட்டில் எல்லோரும் அழுகிற இடம் ஒன்று உண்டு. 'தட்டுற சத்தமெல்லாம் நீ இல்லையே' என்ற வரியில், 'நீ' என்று சொன்னதும் குரல் உடைந்து, மூச்சு ஒரு கணம் திணறி, அப்புறம் 'இல்லையே' வரும். கேட்கிறவர்கள் அதை அழுகை என்று நினைக்கிறார்கள். அது அடக்கிய தும்மல். எங்கள் வீட்டு உள்ளறையில், சுவர் எதிரொலிக்காமல் இருக்க நாலு பக்கமும் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டு அந்தப் பாட்டைப் பதிவு செய்தவள் நான்தான். போர்வைகளை முதலில் உதறியிருக்க வேண்டும். உதறவில்லை.

தும்மலை வெட்டி எறியத்தான் உட்கார்ந்தேன். பாட்டைக் கேட்க வந்திருந்த இசைக் கம்பெனி மேனேஜர் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "தங்கச்சி, அந்த அழுகைதான் பாட்டே. அதுல கை வெச்சீங்க, நான் அழுதுடுவேன்" என்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சர்க்கரை. பேச்சில் அவ்வளவு தித்திப்பு.

பாட்டு எங்கள் அப்பாவைப் பற்றியது. அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். சின்ன வயதில் யார் கதவைத் தட்டினாலும் அப்பாதான் என்று தம்பி ஓடுவான்; பால்காரர் நிற்பார். விஷயம் அவ்வளவுதான். ஆனால் முதல் பேட்டியிலேயே, பேட்டி எடுத்த பெண் கண்கலங்கி, "அப்பா இன்னிக்கு உயிரோட இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டாள். என் தம்பி வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அழுகிற பெண்ணிடம் போய் 'அவர் இப்போது டீசல் போட்டுக்கொண்டிருப்பார்' என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டான். அதை உலகமே பார்த்தது.

உடனே மறுத்துச் சொல்லிவிடலாம் என்றேன். சர்க்கரை சிரித்தார்.

"நாம எங்கம்மா சொன்னோம்? ஜனங்களா நினைச்சுக்கிட்டாங்க. பாசத்தோட நினைக்கிறதை நாம ஏன் கெடுக்கணும்?"

அப்புறம் அப்பாவைப் பறிகொடுத்தவர்கள் தம்பிக்கு எழுத ஆரம்பித்தார்கள். உன் பாட்டைக் கேட்டுத்தான் தூங்குகிறேன், நீயும் என்னைப் போலத்தான், தைரியமாக இரு என்று. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அவன் சோற்றைத் தொடாமல் எழுந்து போவான். அம்மாவுக்கும் விஷயம் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அவர் போனில் பேசுவார், வைப்பார், அவ்வளவுதான். தம்பி பாடுவது வேறு பெயரில் என்பதால் கூட வேலை செய்கிறவர்களுக்கும் தெரியாது. அவரும் யாரிடமும் பீற்றிக்கொள்கிற ரகம் இல்லை. ரேடியோவில் பாட்டு வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்பாராம். அம்மாவிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

மேடையில் வேறொரு தொல்லை. தும்மலை யாரால் வரவழைக்க முடியும்? தம்பிக்குப் பொய்யாக அழவும் வரவில்லை. இரண்டு நிகழ்ச்சியில் அந்த வரியைச் சுத்தமாகப் பாடினான். கூட்டம் ஏமாந்து போனது. அதனால் சர்க்கரை ஒரு வழி கண்டுபிடித்தார். மேடையிலும் சவுண்டு பார்ப்பது நான்தான்; அந்த வரி வரும்போது, ஒலியை ஏற்றி இறக்குகிற மிக்ஸரில் அவன் மைக்கை இறக்கிவிட்டு, பழைய பதிவிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் ஓட விடுவேன். அவன் வாயசைப்பான். வரி முடிந்ததும் மைக்கை ஏற்றிவிடுவேன். மைக் வெளியே கேட்காவிட்டாலும் என் ஹெட்ஃபோனில் கேட்கும். அவன் மூச்சு விடுவது தெரியும்.

அன்றைய நிகழ்ச்சிதான் எல்லாவற்றிலும் பெரியது. மதியம் அரங்கத்தில் ஒலிச் சோதனை செய்துகொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் இருந்த திரையில் அப்பா வந்தார். கறுப்பு வெள்ளையில், மூன்று மாடி உயரத்துக்கு. பத்து வருடத்துக்கு முந்தைய லைசென்ஸ் போட்டோ. அடியில் விளம்பரம் கொடுக்கிற கம்பெனியின் பெயர். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி.

"போட்டோவை யாருடா கொடுத்தது?" என்றேன்.

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆல்பத்துல போடறதுக்குன்னு கேட்டாங்கக்கா."

அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார்.

"ஏம்மா, லோடு சீக்கிரமே இறங்கிடுச்சு. சாயங்காலம் அங்க வந்துடறேன்."

"வேணாம்ப்பா. பயங்கரக் கூட்டம். உங்களுக்கு ஒத்துக்காது."

"நான் பார்க்காத கூட்டமா? உன் பின்னாடி ஒரு ஓரமா நின்னுக்கறேன். அவன் பாடி நான் நேர்ல பார்த்ததே இல்லம்மா."

போனை வைத்ததும் அம்மாவை அழைத்தேன், எப்படியாவது தடுக்கச் சொல்லி. அம்மா கத்தினாள். "அவரு சட்டை மாத்திட்டுக் கிளம்பியாச்சு. நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது? நீங்க செத்துட்டீங்க, வெளிய போகாதீங்கன்னா?"

சர்க்கரையிடம் ஓடினேன். படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில் உட்காரப் போவதே அந்தப் படத்துக்காகத்தான் என்றார். அப்பாவை ஓட்டலில் ஒரு நல்ல அறையில் உட்கார வைக்கலாம் என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. வாசல் காவலாளியிடம் போய், என் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் உள்ளே விடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஒப்பனை அறையில் தம்பி வாளிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். வாந்தி வருவது போல இருக்கிறதாம்.

"அக்கா, நான் மேடையில சொல்லிடட்டுமா?"

எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் பயம் முந்திக்கொண்டது. "வெளிய பத்தாயிரம் பேர் இருக்காங்கடா. இப்ப சொன்னா நம்ம எலும்பை எண்ணிடுவாங்க. பாடி முடி. வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் அப்பா கால்ல விழுவோம்" என்றேன்.

அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. முதல் பாட்டு முடிவதற்குள் கூட்டத்துக்கு நடுவே இருந்த என் மிக்ஸர் மேசைக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார். காவலாளியே கைப்பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். வயதான மனுஷன், சவுண்டு பார்க்கிற பெண்ணின் அப்பா, எப்படித் திருப்பி அனுப்புவது என்று இரக்கப்பட்டாராம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். என் தோளைத் தட்டிவிட்டு, ஒயர் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டினார். எனக்கு மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அந்தப் பாட்டின் முன்னிசை தொடங்கியது.

"அப்பா, பின்னாடி டீ கொடுக்கறாங்க. குடிச்சிட்டு வாங்களேன்."

"இந்தப் பாட்டை விட்டுட்டா? நல்லா சொன்னே போ."

திரையில் அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. எல்லோரும் எழுந்ததால் அப்பாவும் எழுந்தார். முதலில் சிரித்தார். தன் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு என்னைப் பார்த்தார். நான் மிக்ஸரைப் பார்த்தேன். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்.

"பாவங்க அந்தப் பையன். அப்பாவைப் பறிகொடுத்துட்டு எப்படிப் பாடறான் பாருங்க."

அப்பா திரும்பவும் திரையைப் பார்த்தார். சுற்றி அழுகிறவர்களைப் பார்த்தார். வெகு நிதானமாக, "அப்படிங்களா" என்றார்.

கூட்டத்தில் எல்லோரும் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். அரங்கம் பகல் போல ஆனது. அந்த வெளிச்சத்தில் தம்பி எங்கள் பக்கம் பார்த்தான். வெள்ளைச் சட்டையைக் கண்டுகொண்டான் என்று அவன் நின்ற நிற்பிலேயே எனக்குத் தெரிந்தது. வரி வந்தது. என் கை பழக்கத்தில் மைக்கை இறக்கியது, பதிவை ஓடவிட்டது. அரங்கம் முழுக்க அந்தத் தும்மல் அழுதது.

என் ஹெட்ஃபோனில் வேறு குரல் கேட்டது. "அப்பா இருக்காரு. எங்கப்பா செத்துப் போகலைங்க. அதோ நிக்கறாரு. எங்கப்பா இருக்காரு." குரல் உடைந்து உடைந்து வந்தது. இத்தனை நாள் நாங்கள் அவனிடம் வரவழைக்கப் பார்த்து வராத அழுகை.

மைக்கை ஏற்ற ஒரு விரல் போதும். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. ஏற்றினால் ஒரே வாயிலிருந்து இரண்டு குரல் கேட்கும், எல்லாம் அம்பலமாகும். தம்பியை அடிப்பார்களா, கல்லெறிவார்களா, எதுவும் தெரியவில்லை. விரலை நகர்த்தவில்லை. அதற்குள் வரி முடிந்துவிட்டது. நான் மைக்கை ஏற்றியபோது அவன் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தான். இசைக்காரர்கள் நிறுத்தவில்லை. கூட்டமே அடுத்த வரியை எடுத்துப் பாட, அவனும் மெல்ல அதில் சேர்ந்துகொண்டான். கைதட்டல் நிற்க வெகு நேரம் ஆனது. முன்வரிசையில் சர்க்கரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இருக்கிறதா என்று முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

"அந்த இடத்துல அவன் வாய் பாட்டைப் பாடலையேம்மா. வேற என்னவோ சொன்னானே. என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

பொய் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"'எங்கப்பா இருக்காரு'ன்னு சொன்னான்ப்பா."

அவர் அந்தப் பத்தாயிரம் பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"யார்கிட்ட?" என்று கேட்டார்.