யாகப்பரின் மூன்றாவது விஜயம்

கட்டுகஸ்தோட்டையில் யாகப்பர் வீட்டுக் கேற்றில் தொங்கும் பலகையை ஒரு தடவையில் வாசித்து முடிக்க யாராலும் முடியாது. "அகில இலங்கை சமாதான நீதவான்" என்று பெரிய எழுத்தில் தொடங்கும். ஓய்வுபெற்ற நீதிமன்ற லிகிதர், தேவாலயப் பங்குச் சபைத் தலைவர், மரண உதவிச் சங்கப் போஷகர் என்று படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் இடம் போதாமல் அவருடைய பெயர் மட்டும் கடுகளவு எழுத்தில் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும்.

முத்திரையும் மைப்பெட்டியும் அவருடைய சட்டைப் பையை விட்டுப் பிரிந்ததில்லை. கலியாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது அத்தாட்சிப்படுத்தச் சொல்லி அடையாள அட்டைப் பிரதியை நீட்டிவிட்டால் என்ன செய்வது?

ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இதெல்லாம் அல்ல. கண்டிச் சுற்றுவட்டாரத்தில் லொறியோ பஸ்ஸோ ஆளை இடித்துவிட்டால், அதன் முதலாளி முதலில் தேடுவது லோயரை அல்ல, யாகப்பரைத்தான். வழக்கு நீதிமன்ற வாசலை மிதிக்காமல் பார்த்துக்கொள்வதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. மூன்று விஜயம். முதலாவதில் பால்மா, பிஸ்கட், திராட்சைப்பழம், ஆறுதல் வார்த்தை. இரண்டாவதில் டிரைவர், கண்ணீரோடு. மூன்றாவதில் "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடதாசி. அந்த மூன்றாவதில் பேனாவை வாங்க மறுத்தவர் இதுவரை கிடையாது.

அனுஷியாவைப் பார்க்கக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அவருக்கு அதே நம்பிக்கைதான். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, கடுகண்ணாவை இறக்கத்தில் தனியாளாக வடைக் கடை போட்டிருந்த பெண். கடை என்றால் நாலு தடி, ஒரு தகரம், ஒரு எண்ணெய்ச் சட்டி. ராஜலிங்கம் முதலாளியின் சீமெந்து லொறி அதற்குள் புகுந்ததில் அவளுடைய வலது கால் நொறுங்கிப்போனது. கம்பி போட்டிருந்தார்கள். நடக்கலாம், ஆனால் நாள் முழுக்க நிற்க முடியுமா என்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நின்று பிழைத்தவளுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ராஜலிங்கம் முதலாளியின் கதை வேறு. லொறியை டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் சொந்த வேலைக்கு எடுத்துப் போய்விட்டாராம். தனக்கு இதில் சம்பந்தமே இல்லையாம். இரக்கப்பட்டு ஏதோ கொடுக்கிறாராம்.

யாகப்பர் கட்டிலருகே முக்காலியில் அமர்ந்து, குரலைத் தேவாலயத்து அளவுக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"மகள், நான் யாருடைய ஆளும் இல்ல. லொறிக்காரர் பக்கமும் இல்ல, ஒங்க பக்கமும் இல்ல. நீதியின் பக்கம். இது ஒரு பொதுச் சேவை."

"சம்பளம் இல்லாமலா ஐயா?"

"சேவைக்குச் சம்பளம் ஏது, மகள்?" என்ற யாகப்பரின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. முதலாளி கொடுத்த உறை, முத்திரைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

"பெரிய மனசு ஐயா ஒங்களுக்கு."

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"வழக்குன்னு போனா வருசக் கணக்கா இழுக்கும். கோர்ட்டுப் படி ஏறி எறங்கக் கால் வேணுமே" என்றார், பழக்க தோசத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கால் நல்லா இருந்தா நான் ஏன் ஐயா கோர்ட்டுக்குப் போறேன்?" என்றாள் அனுஷியா அமைதியாக. பிறகு பிஸ்கட் பெட்டியைத் திறந்து பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டினாள். "ரிப்கா அக்கா, எடுங்க. என்னைய இடிச்ச லொறி முதலாளி அனுப்புனது."

"முதலாளி அனுப்புனதுன்னு நான் சொல்லலையே மகள்."

"அப்ப ஒங்க காசுல வாங்கினீங்களா ஐயா?"

மாவனல்லையிலிருந்து வந்து பித்தப்பைக் கல்லுக்காகப் படுத்திருந்த ரிப்கா ஒரு பிஸ்கட்டைக் கடித்தபடி, "லொறியில சம்பந்தமில்லாத மனுசனுக்கு பிஸ்கட்டுல மட்டும் என்ன சம்பந்தமாம்?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள். பெட்டி கட்டில் கட்டிலாக வாட்டு முழுக்கப் போனது. அதோடு அந்தக் கேள்வியும் போனது.

முதல் விஜயம் இப்படி முடிந்ததில் யாகப்பர் கொஞ்சம் ஆடித்தான் போனார். ஆனாலும் இரண்டாவது விஜயம் அவருடைய கைதேர்ந்த பகுதி. டிரைவர் அழகமுத்துவைப் புசல்லாவையிலிருந்து வரவழைத்து, ஆஸ்பத்திரி வாசலில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"'நான் புள்ளகுட்டிக்காரன் தாயி'ங்கிற எடத்துல குரல் ஒடையணும். முன்னுக்கே அழுதுறாத. வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

வாட்டுக்குள் போய் அழகமுத்து கைகூப்பிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அனுஷியா முந்திக்கொண்டாள்.

"ஒக்காருங்க அண்ணே. சாப்பிட்டீங்களா?"

பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. அழகமுத்து திரும்பி யாகப்பரைப் பார்த்தார்.

"வளைவுலேர்ந்தே ஹோன் அடிச்சுக்கிட்டே வந்தீங்கல்ல? பிரேக் இருக்கிறவன் அப்பிடி அடிக்க மாட்டான். எதிர்ல ஸ்கூல் பஸ் நின்னுச்சு. நீங்க கடைப்பக்கம் வெட்டினீங்க. கடையில ஆள் இல்லன்னு நெனச்சுத்தானே அண்ணே? நான் குனிஞ்சு மாவு எடுத்துக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்து பாக்கறப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். அந்த மொகத்த மறக்கவே முடியல. என்னைய விட நீங்கதான் பயந்து போயிருந்தீங்க."

அழகமுத்து அழுதார். யாகப்பர் சொல்லிக் கொடுத்த அழுகைக்குச் சத்தம் உண்டு. இதற்குச் சத்தமே இல்லை.

"எத்தன தடவ சொன்னேன் தங்கச்சி, பிரேக் புடிக்கலன்னு. இந்த லோட எறக்கிட்டு வா, பொறகு பாப்பம்னாரு முதலாளி. இப்ப நான் சொந்த வேலையா எடுத்துட்டுப் போனேனாம். சீமெந்து மூட்ட எனக்கு எதுக்கு? தோட்டத்து லயத்துல இருக்கிற ஒத்த அறைக் காம்பராவுல எங்க கொண்டுபோய் அடுக்க?"

ரிப்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா," என்றாள் அனுஷியா, "அண்ணன் சொன்னதச் சத்தியக் கடதாசியா எழுதி ஒங்க சீலக் குத்துங்க."

"நானா?"

"நீங்க யாரு பக்கமும் இல்லன்னு சொன்னீங்களே. அதனாலதான் ஒங்களக் கேக்கறேன். பையில சீல் இருக்குல்ல?"

இருந்தது. அதுதான் பிரச்சினை.

அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கையெழுத்துப் போட முந்தி யோசிச்சுக்கங்க. வேல போயிரும். பிரேக் இல்லன்னு தெரிஞ்சே ஓட்டுனதுக்கு ஒங்க மேலயும் கேஸ் வரும். நீங்க மாட்டேன்னு சொன்னாலும் எனக்குக் கோவம் இல்ல."

யாகப்பருக்கு அந்த இடத்தில் ஏதோ ஆயிற்று. எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் என்ன இழப்பாய் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் விடுவதுதான் அவருடைய திறமையே. இந்தப் பெண்ணுக்கு அழகமுத்துவின் வார்த்தையை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. அந்த வார்த்தை அவள் கைக்கு வந்துவிட்ட நேரத்தில், வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போ என்கிறாள். காலில் கம்பியோடு படுத்துக்கொண்டு சொல்கிறாள். நீதியைப் பற்றி அவர் பங்குச் சபையில் ஆற்றிய உரைகளில் ஒன்றாவது இந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை.

"எழுதுங்க ஐயா" என்றார் அழகமுத்து. "எப்பிடியும் என் தலையிலதான் கட்டப் போறாங்க. உள்ளதச் சொல்லிட்டே கட்டிக்கிறேன்."

முத்திரையை எடுக்கப் பையில் கைவிட்டபோது உறைதான் முதலில் வந்தது. யாகப்பர் அதை அழகமுத்துவிடம் நீட்டினார். "இத முதலாளிக்கிட்டத் திருப்பிக் குடுத்துரு."

"அது என்ன ஐயா?" என்றாள் அனுஷியா.

"பொதுச் சேவை" என்றார் யாகப்பர்.

அவள் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

பால்மாப் பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்து எழுதினார். கை பழக்கத்தில் "மேற்படி வாகனத்தின் தடுப்புக் கருவியானது" என்று தொடங்கியது.

"அவரு சொன்னபடியே எழுதுங்க ஐயா."

அடித்துவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதினார். வாசித்துக் காட்டினார். அழகமுத்து கையெழுத்திட்டதும் முத்திரையை அழுத்திக் குத்தினார். வருசக் கணக்காகப் போட்டோப் பிரதிகளையும் நற்சாட்சிப் பத்திரங்களையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன முத்திரை அது. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

அடுத்த நாளே அழகமுத்துவின் வேலை போனது. அனுஷியா சொன்னபடியே அவர்மேலும் வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். ராஜலிங்கம் முதலாளி யாகப்பருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்ன வார்த்தைகளைச் சமாதான நீதவான் ஒருவரின் கதையில் எழுதுவது முறையல்ல.

மூன்றாவது விஜயம் மாவட்ட நீதிமன்றத்துக்கு. நட்டஈட்டு வழக்கில் அனுஷியாவின் பக்கத்துச் சாட்சியாக யாகப்பரை அழைத்திருந்தார்கள். படியில் அவளுக்குக் கைகொடுக்கப் போனார். "இருக்கட்டும் ஐயா, ஏறிக்குவேன்" என்று ஊன்றுகோலோடு அவள் ஏறினாள். அவளுக்கு முன்னால் ஏற மனமில்லாமல், யாகப்பர் ஒரு படி பின்னாலேயே வந்தார்.

சாட்சிக் கூட்டில் பெயரையும் பதவியையும் கேட்டார்கள்.

"யாகப்பர்" என்றார்.

முதலாளியின் சட்டத்தரணி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பலகையை அவரும் கடந்து போகிறவர்தான். "அவ்வளவுதானா?"

"சமாதான நீதவான். இந்த வழக்குக்கு அது போதும்."

பிஸ்கட்டை அனுப்பியது யார், உறையைக் கொடுத்தது யார், கொடுக்கும்போது என்ன சொல்லப்பட்டது என்று கேட்கக் கேட்கச் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் விடவில்லை. அவர் இறங்கியதும் அடுத்த சாட்சியாக அழகமுத்துவை அழைக்க இருந்தார்கள். அதற்குள் முதலாளியின் சட்டத்தரணி எழுந்து, தீர்த்துக்கொள்ள அவகாசம் கேட்டார். அனுஷியாவின் சட்டத்தரணி கேட்டிருந்த நட்டஈடு, குறைவில்லாமல், நீதிபதிக்கு முன்னால் தீர்ப்பாகப் பதிவானது.

யாகப்பர் ஒரேயடியாகத் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பலகை இன்னும் தொங்குகிறது. போன மாதம் புதுப் பெயின்ற்கூட அடித்தார். முதலாளிமார் இப்போது வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அனுஷியா பழைய இடத்தில், வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சீமெந்துச் சுவர் வைத்துக் கடை போட்டிருக்கிறாள். உட்கார்ந்தே வடை சுட வசதியாக உயரமான கதிரை ஒன்று. சரக்கு ஏற்றிவர ஒரு சின்ன வான், அதற்கு டிரைவர் அழகமுத்து. ஒரு மாலை யாகப்பர் அங்கே போய் இறால் வடை வாங்கித் தின்றார். தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் "காசு வேணாம் ஐயா" என்று சொல்வதற்குத் தாராளமாக நேரம் கொடுத்து நின்றார்.

அனுஷியா கையை நீட்டினாள்.

"சேவைக்குத்தான் சம்பளம் இல்ல ஐயா. வடைக்கு வெல இருக்கு."

யாகப்பர் கொடுத்தார். பிறகு, இன்னும் இரண்டு சுற்றித் தரச் சொன்னார்.