குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஈரச்சாக்கு என்றால்தான் தெரியும். யார் வீட்டில் மாடிக்குத் தளம் போட்டாலும் மறுநாள் காலையில் அழைக்காமலே போய் நிற்பாள். "சாக்கை நனைச்சுப் போடுங்க. ஏழு நாள் காய விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, நீட்டிய டீயைக்கூட வாங்காமல் இறங்கிவிடுவாள். நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களுக்கான இன்ஜினியர் அல்லவா, வாய் சும்மா இருக்காது.

கணவருக்கு வெளியூரில் வேலை. வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். மாமியாரைப் பற்றித் தெருவுக்கு ஒரே ஒரு சந்தேகம் உண்டு. அறுபத்தெட்டு வயதில் தலைமுடி எப்படி அப்படி ஒரு கருப்பு? கேட்டால், "எங்க வம்சமே அப்படித்தான்" என்பார். அந்த வம்சத்தில் வேறு யாரையும் யாரும் பார்த்ததில்லை.

ஈரச்சாக்குக்கு மூன்று வருடமாக ஒரே பித்து, ஆற்றுப் பாலம். நெடுஞ்சாலையில் நிற்கும் பழைய பாலத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் அடிவயிறெல்லாம் துரு வழிகிறது. மூன்று முறை ஒட்டுப்போட்டாகிவிட்டது. புதுப் பாலத்தையாவது உயர்திறன் கான்கிரீட்டில் கட்டுங்கள் என்று அவள் போகாத மேசை இல்லை. தண்ணீரைக் குறைத்து, மாவைவிட நைசான தூள் சேர்த்து, உள்ளே ஊசி நுழைய இடமில்லாமல் இறுகும் கலவை அது. ஆற்றுக்குள் ஐந்து தூண் வேண்டிய இடத்தில் இரண்டு போதும் என்பாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

கடைசியில் பெரிய இன்ஜினியர் இறங்கிவந்தார். "ஒப்புதல் தர்ற குழு முன்னாடி கட்டி வார்த்து உடைச்சுக் காட்டும்மா, பார்க்கலாம்" என்றார். அவள் கலவை போட்டுக் கட்டிகள் வார்த்தாள். குழு கூட நாள் குறித்தார்கள், தள்ளினார்கள், மறுபடி குறித்தார்கள், மறுபடியும் தள்ளினார்கள். நான்கு மாதம் ஓடிவிட்டது. அந்த நான்கு மாதமும் கட்டிகள் ஆய்வகத் தொட்டியில் சும்மா கிடக்கவில்லை, தண்ணீருக்குள் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போயின என்பதை யாரும் யோசிக்கவில்லை.

குழு கூடிய நாள் காலை. கட்டி உடைக்கும் இயந்திரத்தை இயக்குபவர் நொறுக்கு அண்ணன். இருபத்திரண்டு வருடமாக உடைப்பதே வேலை. உடையாத கட்டி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே, ஒரு சாண் கூட இல்லாத கட்டியை இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்தார். கம்பிக் கதவைச் சாத்தினார். எண்கள் ஏறின. எண்பது டன். நூற்றிருபது. சாதாரணக் கட்டி என்றால் இந்நேரம் தவிடு பொடி. நூற்றெண்பது. இருநூறு. இயந்திரம் ஒரு முனகலோடு தானாகவே நின்றுவிட்டது. அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

இரண்டாவது கட்டியும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

நொறுக்கு அண்ணன் கட்டியை வெளியே எடுத்தார். நாலு விளிம்பிலும் விரலை ஓட்டினார். "கீறல்கூட இல்ல மேடம்" என்றார். தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல் அதை மேசையில் வைத்தார். பத்து லாரியைச் சுமையோடு அடுக்கிய பாரம் அதன் தலையில் ஏறி இறங்கியிருக்கிறது. குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தவர் பெரிய இன்ஜினியர்தான். "படிவத்துல 'உடைந்த பாரம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதறது?"

"இருநூறுக்கு மேலன்னு எழுதுங்க சார்."

"மேலன்னா எவ்வளவு மேல? உடையாம எப்படிம்மா எழுதுவேன்? சாயங்காலம் வரைபடம் அச்சுக்குப் போகுது. எண் இல்லன்னா பழைய கலவைதான்."

உடைந்திருந்தால் ஜெயித்திருப்பாள். உடையாததால் தோற்கப்போகிறாள். மூன்று வருட அலைச்சல் ஒரு வெற்றுக் கட்டத்தில் போய் மாட்டிக்கொண்டு நின்றது. இதே குழு நான்கு மாதம் முன்பே கூடியிருந்தால் கட்டி ஒழுங்காக உடைந்துகொடுத்திருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இதே கலவையில சின்னதா ஏதாவது இருந்தா நம்ம மெஷினே உடைச்சுடும் மேடம்" என்றார் நொறுக்கு அண்ணன். "பாரம் விழற முகம் சின்னதுன்னா பாதி பாரத்துலயே விட்டுடும்."

சின்னது. அன்று மிஞ்சிய கலவையை வீணாக்க மனமில்லாமல் உள்ளங்கையில் அடங்குகிற அச்சு ஒன்றில் ஊற்றியிருந்தாள். ஒரு மாதம் வீட்டு வாளித் தண்ணீரில் கிடந்தது. அப்புறம்? அவள் போனை எடுத்தாள்.

"அத்தை, குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிற கல்லை எடுத்துக்கிட்டு உடனே லேபுக்கு வாங்க."

"கதவு அடிச்சுக்குமேம்மா."

"அடிச்சுக்கட்டும்!"

"பெரியவங்க எல்லாம் இருப்பாங்க, நல்ல புடவை ஒண்ணு..."

"கட்டியிருக்கிறதோட வாங்க அத்தை!"

நல்ல புடவையில்தான் வந்தார். ஆய்வகம் இரண்டு தெரு தள்ளி. வழியில் மூன்று வீட்டில் மட்டும் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டு, துணிப்பையோடு அரை மணியில் வந்து சேர்ந்தார். பெரிய இன்ஜினியர் கறை படிந்த கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முகத்தில் வார்த்த தேதி ஆணியால் கீறியிருந்தது. மற்ற கட்டிகளில் இருந்த அதே தேதி. "சரி, வைங்க" என்றார்.

எண்கள் மறுபடி ஏறின. அறுபது. எண்பது. நூறு. மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நூற்று மூன்றில் வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கம்பிக் கதவுக்குள் தூசி எழுந்து மெல்ல அடங்க, இடை சிறுத்த உடுக்கை மாதிரி ஒரு துண்டு நடுவே மிச்சம் நின்றது.

"கையில அடங்கற கல்லு" என்றார் பெரிய இன்ஜினியர். "அஞ்சு லாரி பாரம்." பெரிய கட்டியின் அளவுக்குக் கணக்குப் போட்டு, சிறிய கட்டிக்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டு, எண்ணைக் கட்டத்தில் எழுதினார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"பலம் சரிம்மா. அந்தப் பழைய பாலம் நான் நின்னு கட்டினது. பலம் இல்லாம அது கெடல. தண்ணி இறங்கிக் கெட்டுச்சு. துளைச்சுப் பார்த்தா ஒரு விரல் நீளத்துக்கு உள்ளே தண்ணி கொண்டுபோன உப்பு. இதுல இறங்காதுன்னு யார் சொல்றது?"

சொல்லிக்கொண்டே சிதறிய சில்லு ஒன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளி முகம் முழுக்கக் கருஞ்சிவப்புக் கறை. உடைந்த பக்கத்தில் பார்த்தால் அந்தக் கறை ஓரமாக ஒரு கோடு. பென்சிலால் இழுத்த அளவுதான். அதற்குள்ளே சுத்தமான சாம்பல் நிறம்.

"இது என்ன சாயம்?"

ஈரச்சாக்குக்குத் தெரியும். அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தார். மருமகளின் மூன்று வருடம் ஒரு தட்டில், வம்சத்தின் மானம் மறு தட்டில்.

"தலைக்குப் போடறது" என்றார் மாமியார் கடைசியில்.

"எத்தனை நாளா?"

"கல்லைக் கதவுக்கு வச்சதுலேர்ந்து, மூணு மாசமா வாராவாரம். கழுவற தண்ணி எல்லாம் அந்த மூலையிலதான் தேங்கும். அப்படியே நாள் பூரா நிக்கும்." ஆரம்பித்த பிறகு அவருக்கு நிறுத்தத் தெரியாது. "குளியலறை வாசப்படியும் சிமெண்டுதானே சார்? யாரும் பார்த்துடக் கூடாதேன்னு மேஸ்திரியை விட்டு ஒரு விரக்கடை வெட்டச் சொன்னேன். வெட்டினா அதுக்கு உள்ளயும் கறை! இந்தக் கல்லு மட்டும் அப்படியே உக்காந்திருந்துச்சு."

பெரிய இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். நகத்தின் கனம்கூட இல்லை. முப்பது வருடம் முன்பு இது கிடைத்திருந்தால் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, சில்லைக் கீழே வைக்காமலே குனிந்து கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில் நிதானமாக எழுதினார்: தலைச்சாயக் கழிவுநீர் (வீட்டு உபயோகம்), வாரம் ஒருமுறை, மூன்று மாதம், உட்புகுந்த ஆழம் நகக் கனத்துக்கும் குறைவு.

"என் பேரைப் போட்டுடாதீங்க சார்."

"பேரு இல்லம்மா. 'வீட்டு உபயோகம்'னுதான் போட்டிருக்கேன்."

சில்லைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை வரைபடம் இரண்டு தூண்களோடு அச்சுக்குப் போனது. பொழுது சாயும்வரை அந்த வீட்டுக் குளியலறைக் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால் தெருவே எட்டிப் பார்த்தது. பிறகு நொறுக்கு அண்ணன் தாமே வந்தார், உடையாத மூன்று கட்டிகளில் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. இருநூறு டன்னுக்கு அசையாத அந்தக் கட்டி இப்போது ஒரு பிளாஸ்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் குனிந்து ஒருமுறை அதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மாமியாரின் முடி மட்டும் வம்சப்படி இன்னமும் கருப்புதான்.