கிழக்கு பார்த்த வாத்து வீடு

சிங்காநல்லூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், நரசிம்மலு வீட்டு வாத்துகள் எங்கே முட்டையிடுகின்றன என்பது நரசிம்மலுவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பம்ப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன், ஆசையாக வாங்கிய நான்கு வாத்துகளையும் 'அம்மணி' போட்டுத்தான் கூப்பிடுவார். அம்மணிகளோ விடிந்ததும் கேட்டுக்கு அடியில் நுழைந்து, பக்கத்து வீட்டு நாச்சியம்மாளின் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பிவிடும். நாச்சியம்மாள் வீட்டில் பத்து நாளாக ஆம்லெட் மணம்.

விஷயம் தெரிந்து நரசிம்மலு கேட்டுக்கு அடியில் தகரம் அடித்தார். வாத்துகள் கொல்லைச் சாக்கடையில் முட்டையிட்டன. அவையும் உருண்டு போயின.

அவர் மனைவி வெங்கடம்மாளுக்குக் கோபம் வந்தால் பேச்சு தெலுங்குக்கு மாறிவிடும். அன்று தமிழிலேயே பேசினார், தெருவுக்கும் புரியட்டும் என்று.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு முட்டையாச்சும் என் கைக்கு வரோணும். இல்லாட்டி நாலையும் கருமத்தம்பட்டிக்கு, எந்தம்பி ஊட்டுக்கு அனுப்பிப்போடுவேன்."

தம்பி சசிதர் வாத்து வளர்ப்பவர் அல்ல, வறுப்பவர். நரசிம்மலு அன்றே ரம்பத்தைத் தேடி எடுத்தார்.

முட்டையிடப் பெட்டி வைத்தால் போதும் என்று செல்போனில் யாரோ சொல்லியிருந்தார்கள். பிளைவுட் வாங்கி, பன்னிரண்டு அங்குலத்துக்கு அளந்து கோடு போட்டார். அந்த நேரம் பார்த்து வாஸ்து வெங்கடபதி வந்து சேர்ந்தார்.

"பன்னெண்டுங்களா? பன்னெண்டு அடி மனைக்கு ஆகாதுங்க. செல்வம் கரைஞ்சுபோயிரும்."

"இது அடி இல்லீங்க, இஞ்சுங்க."

"வாத்துக்கு இஞ்சுதானுங்க அடி."

ஆகவே பதினாறு அங்குலம். வாசல் கிழக்கு பார்த்து. ஈசானி மூலையில் காற்றுக்கு ஒரு ஜன்னல். உள்ளே வைக்கோல் மெத்தை. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில், நான்கு பெட்டிகளுக்கும் முன்னால் பால் காய்ச்சினார்கள். நாச்சியம்மாள் சுவர்க் கடிகாரத்தோடு வந்தார்.

"புது ஊட்டுக்கு வெறுங்கையோட வர முடியுங்களா?"

தின்ற ஆம்லெட்டுக்குப் பரிகாரம் என்று தெரு பேசிக்கொண்டது.

"உள்ள வாங்க அம்மணி," என்று நரசிம்மலு கெஞ்சினார். அம்மணிகள் வாசலில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, கல்யாணப் பந்தியில் 'நீங்க போங்க', 'இல்லீங்க, நீங்க' என்று நிற்கும் சம்பந்திகளைப் போல. முட்டையிடும் நேரத்தில்தான் காலை வெயில் வாசல் வழியாக நேராக உள்ளே பாய்ந்தது. எதிர்வெயிலில் யார்தான் பிரசவத்துக்குப் போவார்கள்?

அது அவருக்குப் புரியவில்லை. சனிக்கிழமை காலை மண்டியிட்டு, வழி காட்டுவதற்காகத் தன் தலையையே ஒரு பெட்டிக்குள் விட்டார்.

சுவருக்கு மேலிருந்து நாச்சியம்மாள் கேட்டார்: "ஏனுங்க, நீங்களே போடப்போறீங்களா?"

சாயங்காலம் வெங்கடம்மாள் கம்பளி துவைத்தார். கொடிக்குக் கீழே பெட்டிகள் இடைஞ்சலாக இருந்தன. காலாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளித் தெற்குச் சுவரோரம் திருப்பி விட்டார். வாசலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் சந்துதான். கொடியில் இடம் போதாத ஈரக் கம்பளி ஒன்றைப் பெட்டிகளின் மேலேயே விரித்துப்போட்டார். ஜன்னலெல்லாம் மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சசிதர் பைக்கில் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று நரசிம்மலு கொல்லைக்குப் போனால் ஒரு வாத்துதான் நிற்கிறது. கம்பளியைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார். இருட்டுக்குள் மூன்று அம்மணிகளும் ஆளுக்கொரு வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. ஒன்றின் அடியில் கையை விட்டால் வெதுவெதுப்பாக ஒரு முட்டை.

அதற்குள் வெங்கடபதி வந்து தலையில் கை வைத்தார். "தெக்க பாத்த வாசலுங்களா? எமன் தெசைங்க அது. உடனே திருப்புங்க."

அலமாரி வாங்கினால்கூட அவரைக் கேட்காமல் வைக்காத நரசிம்மலு முதன்முறையாகத் தலையாட்டவில்லை.

"எமன் தெக்கால இல்லீங்க. கருமத்தம்பட்டில இருந்து பைக்குல வந்துட்டு இருக்காருங்க."

முட்டையைக் கொண்டுபோய் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். வெங்கடம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

"சசி, மெதுவாவே வா கண்ணு. இன்னிக்கு சாம்பார்தான்."