வாய் திறந்தவள்

என் மகன் வெர்லினுக்கு வீட்டில் உட்காரத் தெரியாது. பதினோரு வருஷம் பேஸ்பால் பந்து வீச்சாளனாக ஊர் ஊராகச் சம்பளத்துக்கு வீசியவன். நாட்டிலேயே உச்சமான பெரிய லீக்கில் ஆடியது ஒரே ஒரு கோடைகாலம். பிறகு முழங்கைத் தசைநார் கிழிந்து நெப்ராஸ்காவில் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். காரை எடுப்பான், நெடுஞ்சாலை வரை போவான், ஒன்றும் வாங்காமல் திரும்புவான்.

"எங்கடா போன?"

"எங்கயும் இல்லம்மா."

ஜூலையில் எங்கள் ஊர் அணிக்கு உருப்படியான வீச்சாளன் இல்லாமல் போனது. மேனேஜர் எமில் வாசலில் வந்து கெஞ்சினார். மருமகள் டார்லாவுக்கு முகமே மாறிவிட்டது.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? இன்னொரு தரம் கிழிஞ்சா தைக்கவே முடியாதாம். அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கை உதவாது."

"ஒன்பதுல மூணே இன்னிங்ஸ், டார்லா. சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை மூன்று இன்னிங்ஸ் முடிந்தது. பக்கத்து ஊர்க்காரர்களில் ஒருவன்கூட அவன் பந்தை அடித்து ஓடவில்லை. நான்காவதற்கும் அவனே போனான். ஐந்தாவதற்கும், ஆறாவதற்கும்.

ஓர் அடிகூடக் கொடுக்காமல் வீசுகிறவனிடம் ஆட்டம் முடியும்வரை யாரும் பேசக் கூடாது. பேசினால் ராசி கெட்டுவிடும். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். பெஞ்சில் அவனைச் சுற்றி இடம் காலியானது. தண்ணீர் வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. எமில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அவன் வீசுற வலது கையைப் பாருங்க. தொப்பியைக்கூட இடது கையாலதான் எடுக்கிறான்."

"உஷ், பேசாத. இன்னும் மூணு இன்னிங்ஸ்தான். பெரிய லீக்ல கூட அவனுக்கு இது அமையல."

பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு லியோனார்ட் குனிந்தான். "டார்லா, வாய் நிறைய பாப்கார்னைப் போட்டுக்கோ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் எழுந்தாள். நான் பாவாடையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. பெஞ்சுக்குப் பின்னாலிருந்த கம்பிவலை வரை போய், ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"வெர்லின்! நீ இன்னும் ஒரு அடிகூடக் கொடுக்கல!"

"ஐயோ, சொல்லிட்டாளே!" என்றான் லியோனார்ட். யாரோ காகிதக் கோப்பையை வீசினார்கள்.

எமில் தொப்பியைத் தரையில் அடித்தார். "அம்மா தாயே, உனக்கு வேற வேலையே இல்லையா?"

"அந்த ராசி உடைஞ்சாத்தானே அவன்கிட்ட பேச முடியும்? கை வலிக்குதான்னு கேட்க வந்தேன். நீங்க யாரும் கேட்கலையே."

வெர்லின் தலை நிமிர்ந்தான்.

"மூணாவதுலேர்ந்தே வலிக்குது. யாராவது வந்து போதும்னு சொல்வீங்கன்னு பார்த்தேன். ஒருத்தனும் கிட்ட வரல."

"நீயே சொல்லியிருக்கலாமே?"

"முடியல. அங்க பந்து வீச நிக்கிறப்ப மட்டும்தான் டார்லா, வேற எங்கயாவது போகணும்னு தோணல."

டார்லாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வலை வழியாக இரண்டு விரலை நீட்டி அவன் தோளைத் தொட்டாள். அவன் இடது கையால் பந்தை எடுத்து எமிலிடம் கொடுத்தான்.

அடுத்து வந்த வீச்சாளனின் முதல் பந்தே அடிபட்டு வேலிக்கு அப்பால் போனது. அரங்கம் மொத்தமும் டார்லாவை முறைத்தது. அவள் பார்க்கவேயில்லை. பெஞ்சுக்குப் பின்னால் வெர்லினுக்கு முழங்கையில் ஐஸ் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போடுவதற்குள் அவன் எழுந்து வேலியோரமாக நடக்க ஆரம்பித்தான்.

"கொஞ்சம் உட்காரேன்."

"உட்கார முடியல."

"சரி, கையை ஆட்டாம நட," என்று ஐஸ் பையைப் பிடித்தபடி அவளும் கூடவே நடந்தாள்.