ஹல்லி இழுத்த பக்கம்

பழைய துப்பாக்கிக்குத் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் மாட்ட அந்தச் சுற்றுவட்டாரத்தில் காலெவியை விட்டால் ஆள் இல்லை. ஒஸ்மோவுக்கு அதுதான் தலைவலி.

போன அக்டோபரில் ஒஸ்மோ சுட்ட மூஸ் மான் அடிபட்டு ஓடிவிட்டது. தேடப் போனது காலெவியின் நாய் ஹல்லி. அது சதுப்பு நிலத்துப் பக்கமே இழுத்தது. "மேட்டுப் பக்கம்தான் ஓடுச்சு, என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று ஒஸ்மோ சாதித்தான். மான் கிடைக்கவில்லை. மூக்கில்லாத நாய் என்று வேட்டைச் சங்கமே சிரித்து, ஹல்லியைக் குழுவிலிருந்து நீக்கியது. பனி உருகியதும் சதுப்பில் எலும்புகள் கிடந்ததை ஒஸ்மோ ஒருவன்தான் பார்த்தான். பார்த்தவன் வாயைத் திறக்கவில்லை. அன்று அவன் கண்ணுக்கு மானும் மரமும் ஒன்றாகத்தான் தெரிந்தன என்பதை யாரிடம் சொல்வது?

பின்லாந்து ராணுவம் கழித்துக்கட்டியதை அவன் அப்பா வாங்கி வைத்த துப்பாக்கி அது. காலெவி தன் பட்டறையில் அதை இடுக்கியில் பூட்டி வைத்து எதையோ தட்டினான். ஒஸ்மோ அவன் முகத்தைப் பார்க்காமல் காப்பியில் ஏலக்காய் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தான்.

"மூணு வழி இருக்கு. மேல துளை போட்டு மாட்டலாம், ஆனா குண்டேத்தற தாழ்க் கைப்பிடி அதுல இடிக்கும், வளைக்கணும். பக்கவாட்டுல தகடு வச்சு மாட்டலாம், கன்னம் துப்பாக்கிக் கட்டையில சரியா ஒட்டாது. இல்லன்னா குழல் மேல பின்னாடி இருக்கற குறியைக் கழட்டிட்டு அந்த இடத்துல மாட்டலாம். துளையே வேணாம். ஆமா, உனக்கெதுக்குடா ஸ்கோப்பு? கழுகுக் கண்ணாச்சே!"

"கண்ணுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. இப்ப எல்லாரும் மாட்டறாங்க, அதான்."

"சரி, தோள்ல வை. கண்ணு எங்க வருதுன்னு அளக்கணும். அந்தக் காலண்டரைக் குறி பாரு. குழல் நுனியில இருக்கற முன்முள் எங்க நிக்குது?"

"பதினேழாந்தேதி மேல. ஊசி மாதிரி தெரியுது."

காலெவி உள்ளங்கையை விரித்தான். துருவேறிய முன்முள் அதில் கிடந்தது.

"நீ ரொட்டி தின்னப்பவே இதைக் கழட்டிட்டேன்."

ஒஸ்மோவுக்குக் காது மடல்வரை எரிந்தது. அறுபத்திரண்டு வயதில் பொய்யும் கையுமாகப் பிடிபட்டு நின்றான். துப்பாக்கியை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

"அன்னிக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலடா" என்றான். "எலும்பு சதுப்புலதான் கிடக்கு. ஹல்லி இழுத்த பக்கம்."

காலெவி கத்தியிருந்தால் தேவலை. அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மே மாசம்."

"இது செப்டம்பர்."

ஒஸ்மோ துப்பாக்கியை இறக்கி மேசைமேல் வைத்தான்.

"சனிக்கிழமை சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்புறம் மாட்டித் தரேன்."

"சொல்றேன்."

வெளியே வந்தபோது ஹல்லி எழுந்து ஓடி வந்தது. ஒஸ்மோ வழக்கம்போல அதன் தலையைச் சொறியக் கையை நீட்டினான். பிறகு இழுத்துக்கொண்டான். நாய்க்கு ஒன்றும் புரியவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே நின்றது.